திருத்திய பிரதி

விரலை முதல் வரியில் வைத்தான்.

தாள் இன்னும் சூடாக இருந்தது. இப்போதுதான் மிஷினிலிருந்து வந்திருந்தது.

"படிச்சு வேற பாக்கணுமா? நீ எழுதினதுதான்ப்பா. இங்கிலீஷ் கிராமர மட்டும் நேராக்கியிருக்கேன்" என்றார் சூப்பர்வைசர் தனராஜ். "ஏ, ஆன், தி ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல. பூவலிங்கம் பேருக்கு முன்னால 'தி' போட்டு வச்சிருக்க. அவன் என்ன, தாஜ்மகாலா?"

பக்கத்து மேசையில் கிளார்க் இர்ஃபான் சிரித்தான்.

அவனும் சிரித்துவைத்தான்.

பிழைக்க வந்த இந்த வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து பூவலிங்கம் விழுந்ததைக் கண்ணால் கண்டவன் அவன் ஒருவன்தான். கண்டதை எழுதிக் கொடு என்றார்கள். தமிழிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தது முப்பது வயதுக்கு மேல். இங்கிலீஷ் போன வருஷம்தான். விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்.

எட்டு வரி. மூன்று மணி நேரம்.

அதில் பாதி இந்தப் பொடிச் சொற்களுக்கே போனது. ஏதோ ஒன்று என்றால் 'ஏ' என்று டீச்சர் சொல்லியிருந்தார். இன்னது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் 'தி'.

பூவலிங்கத்தை எல்லாருக்கும் தெரியும். அதனால் போட்டான்.

விரல் நகர்ந்தது.

சாரத்தில் கால் வைக்குமுன் ஒவ்வொரு கிளாம்ப்பாகத் தட்டிப் பார்ப்பது பதினோரு வருஷப் பழக்கம். படிப்பதும் அவனுக்கு அப்படித்தான் வந்தது. முதலில் பொடிச் சொற்கள்.

ஒரு பலகை. 'ஏ'. சரி.

அந்தப் பலகை. 'தி'. சரி.

வேலை தொடங்கி ஒரு மணி நேரம். 'ஆன்'. இங்கே அவன் 'ஏ' போட்டிருந்தான். வகுப்பிலும் இதே இடத்தில்தான் சறுக்குவான்.

பூவலிங்கத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. வெறும் பூவலிங்கம்.

எல்லாம் இறுக்கமாக இருந்தது. தன் பேச்சா இவ்வளவு நேராக நிற்கிறது? வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"கையெழுத்தப் போடுப்பா. பத்து மணிக்கு இது சேஃப்டி ஆபீசர் சார்கிட்ட இருக்கணும்."

விரல் கடைசி வரிக்கு வந்துவிட்டது.

சீக்கிரம் வந்துவிட்டது.

மறுபடி மேலே போனான். இந்தத் தடவை பொடிச் சொற்களைப் பார்க்கவில்லை. வரிகளை எண்ணினான்.

ஏழு.

எது போனது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பலகை முனையில் கம்பிக்கட்டு இல்லை என்று காலையிலேயே சூப்பர்வைசரிடம் சொன்னேன், இப்ப ஏறுங்க, மத்தியானம் பாத்துக்கலாம் என்றார். அந்த வரி.

மீதி ஏழும் பொய்யில்லை. பூவலிங்கம் பெல்ட் கொக்கியை மாட்டியிருக்கவில்லை. பலகை புரண்டது. விழுந்தான். இடுப்பெலும்பு போனது.

இந்த ஏழோடு நின்றால் தப்பு முழுக்க பூவலிங்கம் தலையில். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேரே ஊருக்கு விமானம்.

நிமிர்ந்தான்.

தனராஜ் பேனா மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு வரி..."

"அந்த வரி அர்த்தமே புரியலப்பா. அதான் எடுத்துட்டேன்." குரல் தணிந்தது. "அடுத்த மாசம் உனக்கு ஒர்க் பர்மிட் முடியுதுல்ல? நான்தான கையெழுத்துப் போடணும்?"

இர்ஃபான் இப்போது சிரிக்கவில்லை. தட்டச்சும் நின்றிருந்தது.

பேனாவை வாங்கினான்.

தனராஜ் மூச்சு விட்டது கேட்டது.

இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே ஒரு நெல் அகலம்தான் இருந்தது. அதில் அந்த வரியை எழுதத் தொடங்கினான். 'ஏ'யா 'தி'யா என்று எங்கும் நிற்கவில்லை. நின்றால் பயம் வந்துவிடும்.

"டேய்! என்னடா பண்ற?"

இடம் போதவில்லை. எழுத்து ஓரத்துக்குப் போய், வளைந்து, தாளின் விளிம்போடு கீழே இறங்கியது. புள்ளி வைத்தான். அடியில் பெயரைத் தமிழில் போட்டான்.

"குடுறா இப்படி. வேற எடுத்துத் தரேன்."

கொடுக்கவில்லை. மை காயாத தாளை இரண்டு கையாலும் பிடித்தபடி எழுந்தான்.

"இர்ஃபான் தம்பி, சேஃப்டி சார் ரூம் எந்தப் பக்கம்?"

இர்ஃபான் தனராஜைப் பார்த்தான். பிறகு கம்ப்யூட்டருக்குத் திரும்பிக்கொண்டான்.

திரும்பிய முகத்தில் தாடை மட்டும் மெல்ல இடப்பக்கம் அசைந்தது.