வாளப்பளம்

நார்வேயில் வேலை கிடைத்தது புருஷனுக்குத்தான். இரண்டு பிள்ளைகளோடு கூடப்போன இசக்கிச்செல்விக்கு வந்திறங்கிய அன்றே காதில் ஒரு பொட்டு ஒட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்கும் ஒட்டினார்கள். யார் எந்தப் பாஷை பேசினாலும், பேசியவர் குரலிலேயே அவளுடைய பொட்டு அதைத் தமிழாக்கிச் சொல்லும். நம்புவீர்களோ என்னவோ, குளிக்கும்போதுகூட அவள் அதைக் கழற்றுவதில்லை.

வந்து ஒரு வருஷம் கழித்து, ஒருநாள் காலையில் நாலு வயது மகள் கயல், "வாழைப்பழம் வேண்டும், அம்மா" என்றாள்.

இசக்கிக்குச் சுருக்கென்றது. திருநெல்வேலிக்காரியான அவளுக்கு 'ழ' வராது. அவளிடம் பேச்சுக் கற்ற பிள்ளைக்கும் வாளப்பளம்தான்.

"ஏங்க, இவளுக்கு அந்த எளுத்து எப்படி வந்துச்சு? நம்ம ரெண்டு வம்சத்துலயும் கெடையாதே."

"பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பா. ஏட்டி, பிள்ள நல்லாப் பேசினாலும் உனக்குச் சந்தேகமா?"

"வெள்ளக்கார டீச்சரா தமிள் சொல்லிக்குடுக்கா?"

அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அதன்பிறகு அவள் பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் ஜன்னலைக் காட்டி "மழை" என்றான். உதடு வேறெதையோ சொன்னது.

பொட்டைப் பிய்த்து எடுத்தாள். பிள்ளைகள் இரண்டும் அந்த ஊர்ப் பாஷையில் பேசிக்கொண்டிருந்தன. ஒரு சொல்கூட அவளுக்கு விளங்கவில்லை.

"கயலு, அம்மாட்ட நம்ம பாசையில பேசுளா."

கயலின் பொட்டு அதையும் அந்த ஊர்ப் பாஷையில் சொல்லியிருக்க வேண்டும்; அவள் விழித்தாள். என்னவோ சொன்னாள். இசக்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த பிள்ளை, அவள் கையிலிருந்த பொட்டை எடுத்து, எக்கி நின்று, காதில் மெதுவாக ஒட்டிவிட்டது.

"அழாதீர்கள், அம்மா" என்றது கயலின் குரல்.