மூடிக்குப் பின்னால் சனி

சொகுசுக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு தொலைநோக்கி நின்றது. மறுநாள் கப்பல் கரை சேர்ந்துவிடும். அதற்குள் ஒருவராவது தன் வழியாகச் சனியின் வளையத்தைப் பார்த்துவிட வேண்டுமே என்று அது தவித்தது. ஆனால் அதை நிறுத்தி வைத்தவர்கள் முகத்து மூடியைக் கழற்றவே மறந்திருந்தார்கள்.

பயணிகள் வரிசையாக வந்து கண் வைத்தார்கள். "ஆகா, என்ன அழகு" என்று சொல்லி நகர்ந்தார்கள்.

"நீ கொஞ்சம் விழுந்து தொலையேன்" என்று தொலைநோக்கி மூடியிடம் சீறியது.

"நான் எதுக்கு விழணும் அண்ணே? பார்த்தவங்க எல்லாருக்கும் திருப்திதானே" என்றது மூடி.

அப்போது செண்பகவல்லி என்ற அம்மாள் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே" என்றார். தொலைநோக்கிக்கு உயிர் வந்தது.

"எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதேம்மா. கண்ணாடியை மாத்துங்க" என்று பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் மறுபடி கண் வைத்தார். "ஆமாமா, இப்ப தெரியுது. வளையம்கூட ரெண்டு இருக்கு."

"ரெண்டாம், கேட்டீங்களா அண்ணே" என்றது மூடி.

தொலைநோக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்துத் திருகைத் தளர்த்தி, தளத்துப் பலகையைப் பார்க்கத் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

அடுத்தவர் நுனிக்காலில் எட்டி நின்று கண் வைத்தார்.

"சனி இன்னிக்கு ரொம்பக் கிட்டக்க வந்திருக்கு" என்றார்.