மேட்டுக்கு ஒரு பெயர்

"அந்த மேட்டுக்கு என்ன பேரும்மா?"

வரைபடம் போட வந்த ஆங்கிலேயன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டான்.

வழியில் வந்த அவளுக்கு அது கொஞ்சம் புரியும். முதுகுக் கூடையை இறக்கவில்லை.

அயர்லாந்தின் மேற்குக் கோடியில், ஒரே தேவாலயத்தைச் சேர்ந்த சின்னப் பங்கு அது. தெற்கே ஆறு. வடக்கே சதுப்பு. நடுவில் அந்த மேடு.

மேட்டின் மேல் ஹாக்கெட்டின் மாடிவீடு. நிலமெல்லாம் லண்டனில் இருக்கும் ஒரு பிரபுவுக்குச் சொந்தம். ஹாக்கெட் அவருடைய காரியஸ்தன்.

அந்த வீடு வருவதற்கு முன்னால் அங்கே ஓர் ஊர் இருந்தது.

ஊரைக் காலிசெய்ய ஹாக்கெட் ஆட்களோடு வந்து கூரைகளைப் பிரித்த அன்று மழை. அவள் மகனுக்கு ஏற்கெனவே காய்ச்சல். வாய்க்கால் ஓரத்தில், அவள் சால்வைக்குள்ளேயே அடங்கிப்போனான்.

மேட்டின் பெயர் ஆப்பிள் மேடு. பங்கில் எல்லோருக்கும் தெரியும்.

"பிள்ளைதின்னி மேடு" என்றாள், தன் மொழியில்.

யோசித்துச் சொல்லவில்லை. நாக்கில் காத்திருந்தது.

அவனுக்கு அந்த மொழி தெரியாது. ஓசையைப் பிடித்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டான்.

"சாமியார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். ஒருத்தர் சொன்னா போதாது."

பங்குச்சாமியார் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. விஷயம் ஹாக்கெட் காதுக்குப் போனால், இப்போதிருக்கும் குடிசையும் போய்விடும்.

ஆனாலும் பின்னாலேயே போனாள்.

சாமியார் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலேயன் அந்தப் பெயரைத் திக்கித் திக்கிப் படித்தான்.

சாமியாரின் கை நின்றது.

அவளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அவர் பார்வை அவளைத் தாண்டி, சுவரோரத்துச் சின்னக் குழிமேடுகளுக்குப் போனது. அந்த மழைக்குப் பிறகு அவர் கையால் மண் போட்டவை.

"தப்பா எழுதியிருக்கீங்களே" என்றார்.

சாமியார் பென்சிலை வாங்கினார். விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்தார்.

"இப்ப சரி."

வரைபடம் அச்சாகி வந்தது. ஹாக்கெட்டுக்கும் அந்த மொழி தெரியாது. ஆனால் பெயரின் ஓசை பிடித்துப்போனது. விருந்தாளிகளிடம் நீட்டி முழக்கிச் சொன்னான். அதை வாசல் தூணில் செதுக்க ஆளை வரவழைத்தான்.

வந்த கல்தச்சன் அந்த மேட்டில் பிறந்தவன். காகிதத்தில் இருந்ததை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். கையிலிருந்த உளியை வைத்துவிட்டு, இன்னும் கனமான ஒன்றை எடுத்தான்.

"எவ்வளவு ஆழமா வெட்டணும், துரை?"