எண் இல்லாத பக்கம்

கோகிலாவின் கணவன் சிரித்துக்கொண்டே தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வக்கீல் பாத்துட்டியா?"

திரையில் ஒரு விளம்பரம். விவாகரத்தா? விரைவான தீர்வு. இன்றே அழையுங்கள்.

அவன் அடுப்படிக்குத் திரும்பிப் போய் தோசையைப் புரட்டினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் அவள் ஒரு வக்கீலின் இணையதளத்தைப் படித்திருந்தாள். தன்னுடைய கைப்பேசியில்தான். அவனுடையதைத் தொடக்கூட இல்லை.

இரண்டு கைப்பேசிக்கும் ஒரே வைஃபை. விளம்பரக்காரர்களுக்கு அது போதும்.

இந்த வீட்டில் அவன் சிரித்தான்.

இன்னொரு வீட்டில்?

அவளும் தோழிகள் சிலரும் சேர்ந்து ஒரு தளம் நடத்துகிறார்கள். கைப்பேசி வழியாக நம்மை யார் வேவு பார்க்கிறார்கள், அதை எப்படித் தடுப்பது என்று பெண்களுக்குத் தமிழில் சொல்லும் தளம். அதன் கடைசிப் பக்கம், 'வேறு எங்கே உதவி கிடைக்கும்'.

அந்தப் பக்கம் அவள் பொறுப்பு. எந்தத் தளத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அவள் முடிவு.

சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தானே போய்ப் பார்ப்பாள். முக்கால்வாசி தேறாது. ஒன்று, நுழைந்ததுமே பெயரையும் போன் நம்பரையும் கேட்கும். இன்னொன்று, நல்ல தமிழில் ஆரம்பித்து மூன்றாவது வரியில் சட்டப் பிரிவுகளுக்குள் காணாமல் போய்விடும்.

திண்டுக்கல் வக்கீல் ரெஜினா எழுதியிருந்தது அப்படியில்லை.

அடிக்கிற கணவனிடமிருந்து பாதுகாப்பு ஆணை வாங்குவது எப்படி. யாரைப் போய்ப் பார்ப்பது. போனதும் முதலில் என்ன சொல்வது. அழுகை வந்தால் என்ன செய்வது. அதுகூட இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுவது போல.

கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாம் என்றுதான் மத்தியானம் நினைத்திருந்தாள்.

"விட்டுரு. வேற தேடலாம்" என்றாள், விளம்பரம் வந்த கதையைக் கேட்டதும், தளத்தில் கூட வேலை செய்யும் ஷாகிரா.

வேறு எது? அவள் தேடாத இடமில்லை.

மறுநாள் ரெஜினாவையே அழைத்தாள்.

ரெஜினாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என் பக்கத்துல ஒரு விளம்பரம்கூட கிடையாதுங்க கோகிலா. யாரோட பக்கத்தையோ பாத்துட்டுப் பேசறீங்க."

"விளம்பரம் இல்ல மேடம். ஆனா யார் வந்தாங்கன்னு அங்கேருந்து வெளிய போகுது. கீழ ஒரு நம்பர் ஓடுதே, அது வழியாத்தான்."

பக்கத்தின் அடியில் வருகையாளர் எண்ணிக்கை. தளத்தை வடிவமைத்தவர், சும்மா கிடைக்கிறது என்று போட்டுக் கொடுத்தது. வருகிறவர்களை எண்ணும். எண்ணியதை விற்கவும் செய்யும்.

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் சிரிச்சார் மேடம். அதனால தப்பிச்சேன்."

சிரிக்காத கணவன்மார்களை ரெஜினா கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறார்.

"சாயங்காலம் கோர்ட்டுலேருந்து வந்ததும் அந்த நம்பரைத்தான் பாப்பேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கேஸ் தோத்துட்டு வந்த அன்னைக்குக்கூட. இன்னைக்கு இத்தனை பேர் படிச்சிருக்காங்கன்னு ஒரு தெம்பு. எழுதுறவளுக்கு வேற என்னங்க இருக்கு?"

அவளுக்குப் பாவமாக இருந்தது.

"வெளிய சொல்லாம எண்ணுற கவுன்ட்டரும் இருக்கு மேடம். நானே போட்டுத் தர்றேன். கணக்கு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்."

"எந்த நாள், எத்தனை மணி, எங்கேருந்து வந்தாங்க, எல்லாம் பதிவாகுமா?"

"கொஞ்சம் ஆகும்."

"நாளைக்கு ஒரு புருஷன் தரப்பு வக்கீல் அதைக் கேட்டு மனுப் போட்டா? ஜட்ஜ் குடுன்னு சொன்னா குடுத்துத்தானே ஆகணும்?"

அவள் அதை யோசித்ததே இல்லை.

"வேணாம்" என்றார் ரெஜினா. "இல்லாததை யாரும் கேக்க முடியாது. எடுத்துருங்க. எல்லாத்தையும்."

அன்றைக்கே எடுத்தாள். ரெஜினா கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக. பக்கத்தின் அடிப்பாகம் மொட்டையாக நின்றது.

பிறகு சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் கைப்பேசியில் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தாள். நாலைந்து நாள் கழித்து அவன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னும் அந்த வக்கீல் விடலையா?" என்றான்.

குக்கர் விளம்பரம்தான் வந்தது. அதற்குக் காரணம் அவன்தான், முந்தின நாள் குக்கர் தேடியிருந்தான்.

அவள் ரெஜினாவின் பக்கத்தைச் சேர்த்தாள். முதல் இடத்தில்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. யாராவது அதைச் சொடுக்கினார்களா, படித்தார்களா, எதுவும் அவளுக்குத் தெரியாது. ரெஜினா கூப்பிட்டுக் கேட்டுவிடுவாரோ என்று ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ரெஜினா கேட்கவில்லை. ஒரு நாள் குறுஞ்செய்தி வந்தது.

'புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன். பாருங்க.'

திறந்தாள். கைக்குழந்தையோடு வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தால் என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும், முதல் இரவு எங்கே தங்கலாம் என்று நீளமான பக்கம். எழுதவே வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.

அதன் தலைப்புக்குக் கீழே, வேறெதற்கும் முன்னால், இரண்டு வரி.

'நீங்கள் வந்திருப்பது எனக்குத் தெரியாது. நிதானமாகப் படியுங்கள்.'