குசினிப் பக்கம் திரும்பிய டீவி

இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்வதற்கு முன்னால் ஆட்டோ வந்துவிடும். றவூப் இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறான். இரண்டு பேக்குகளும் வாசலில் இருக்கின்றன.

அவன் போகக்கூடாது என்று கைருன்னிஸாவுக்கு ஆசை. அவனுடைய உம்மாவும் சாச்சாமாரும் பேசி முடித்த காரியம், இனி மாறாது என்றும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம் அல்லவா?

அதற்குத்தான் வழியில்லை. மாமி மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரே பானைச் சோறு. ஒரு தடவைகூட அவள் அவனை நேராகக் கூப்பிட்டதில்லை.

மஹ்ரிப் தொழுகை முடிந்ததும் வழக்கம்போல டீவி ஓடத் தொடங்கியது. ஹோலில் அவன். அடுப்பு இருக்கும் குசினி வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள்.

நடுவில் மகள் றினோஸாவின் கதிரை.

சீலை இடுக்கால் பார்த்தால், அலுமாரி மறைத்தது போக டீவியின் இடது பாதிதான் தெரியும். ஆகவே நாடகங்களில் இடது பக்கம் நிற்கிறவர்கள் எல்லாரும் கைருன்னிஸாவுக்கு வேண்டியவர்கள். வலது பக்கத்து ஆட்களை அவள் நம்புவதில்லை. முகத்தைக் காட்டாமல் கதைக்கிறவர்களை எப்படி நம்புவது? தானும் அப்படித்தான் கதைக்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. நகையோடு படுத்து நகையோடு எழும்புகிற மருமகள்மார் வரும் இந்திய நாடகம் அவளுக்குச் சரிவராது. பாலில் நஞ்சு கலக்கிற அந்த மாமியாருக்கு அரிசி களைகிற வேலைகூட இல்லையா என்று கேட்பாள். குதிரையும் வாளுமாக வரும் துருக்கி நாடகம் றவூபுக்கு உயிர். அவளுக்கோ குதிரைகள்மேல்தான் இரக்கம். மனிதர்கள் ஆடு அறுத்து விருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதுகளுக்கு ஒரு பிடி புல் போட்டதை இன்னும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமைப் பகிடி நாடகம் மட்டும்தான் இரண்டு பேருக்கும் ஒத்துவரும். அதில் வாடகைக்கு இருக்கிறவன் ஒவ்வொரு தடவையும் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வான். இடிக்கப்போகிறான் என்று தெரிந்தும் சிரிப்பார்கள். அவன் அங்கே, அவள் இங்கே.

எல்லாம் றினோஸா வழியாகத்தான் போகும், வரும். நாடகத்தில் வருகிற ஒருத்தியைப் பார்த்து உம்மா "அவளுக்கு மூள இல்ல" என்றால், "உம்மாக்கு அவவில கொஞ்சம் கோவம்" என்று பக்குவமாக அந்தப் பக்கம் கொண்டுபோவாள். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் றினோஸா சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு.

இன்றைக்கு ஓடியது ஒரு புது நாடகம். அதில் ஒரு பையன் பெட்டியோடு வாசலில் நின்றான். நல்ல காலம், இடது பக்கம் நின்றான்.

கைருன்னிஸா தொண்டையைச் செருமினாள்.

"றினோஸா, மருமகனுக்குச் சொல்லு புள்ள. அந்தப் பொடியன் இப்பிடி வீட்ட உட்டு எறங்கப்படா. ஆரு என்ன பேசி முடிச்சாலும் எறங்கப்படா."

விளம்பரம் வந்தது. சவர்க்காரம், பால்மா, திரும்பவும் சவர்க்காரம். அது முடிந்ததும் றவூப் சொன்னான்.

"றினோஸா, உம்மாக்கிட்டச் சொல்லு. அவனுக்கும் விருப்பமில்லதான். அங்கால எல்லாம் முடிவாகிட்டு. அவன் என்ன செய்யிற?"

அவள் சீலையின் ஓரத்தைப் பிடித்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இழுக்க முடியவில்லை. மாமி அழுகிற சத்தம் மருமகனுக்குக் கேட்பதும் வழக்கமில்லை என்பதால், பிடித்த சீலையையே வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

வெளியே ஆட்டோ ஹோர்ன் அடித்தது.

றவூப் எழும்பினான். வாசலுக்குப் போகவில்லை. டீவி மேசையைப் பிடித்து, சீமெந்துத் தரையில் கிறீச்சிட, குசினிப் பக்கமாக இழுத்துத் திருப்பினான். பாதிதான் தெரிகிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சீலை இடுக்கில் முழு டீவியும் வந்தது. இவ்வளவு நேரமும் மறைந்திருந்த வலது பக்கத்தில், அந்தப் பையனின் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

றவூப் ரிமோட்டைத் துடைத்து றினோஸாவின் கதிரையில் வைத்தான்.

"றினோஸா, போயிட்டு வாறன் எண்டு உம்மாக்குச் சொல்லு."

சொல்லிவிட்டு நின்றான். அவளும் நின்றாள். இரண்டு பேரும் கதிரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

றினோஸா இறந்து, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதிப் பல மாதமாயிற்று. அதற்குப் பிறகும் இருவரும் அந்த வெறும் கதிரையிடமே சொல்லிக்கொண்டு வந்தார்கள். நாளைக்கு அவனுக்கு மருதமுனையில் இரண்டாவது நிக்காஹ், புதுக் கல்யாணம். இந்த ஊர்களில் ஆண் குடியிருப்பது மனைவியின் வீட்டில்தான். மனைவி இல்லாத வீட்டில் அவனை இரு என்று சொல்ல யாருக்கு உரிமை?

ஹோர்ன் இன்னொரு முறை அடித்தது. றவூப் பேக்குகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

கைருன்னிஸா சீலையை விலக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தாள்.

"போகாதீங்க மருமகன்" என்று நேராகச் சொன்னாள். ஆட்டோ அப்போது பள்ளிவாசல் முடக்கில் திரும்பிக்கொண்டிருந்தது.