கேப்பு டப்பா

வரப்புத் தகராறில் சித்தப்பாவைச் சுடப்போவதாகச் சொல்லி அப்பா நாட்டுத் துப்பாக்கியை எடுத்தார். பன்றிக் காவலுக்குப் பை அடுக்குகிற நான்தான் அன்றும் அடுக்கினேன். கருமருந்து, ரவை, தேங்காய் நார் எல்லாம் வைத்தேன். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு டப்பாவை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் போனதும், சட்டைப் பையில் வேறு கேப்பு கிடந்துவிடுமோ என்று காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.

நடுச்சாமத்தில் யாருடைய டார்ச்சையோ பிடித்துக்கொண்டு வந்தார்.

"கேப்பு வைக்கலையா செவ்வந்தி?"

"மறந்துட்டேம்ப்பா."

"அவன் வாசல்லயே பையைக் கொட்டித் தேடினேன். 'என்னத்தண்ணே தொலைச்ச'ன்னு எந்திரிச்சு வந்து டார்ச் அடிக்கிறான். என்னத்தச் சொல்ல? 'இருட்டுல போகாதே'ன்னு இதையும் குடுத்துட்டான்."

அப்பா டார்ச்சை அணைக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.