முதலில் எழுதியவர்

"இந்த வரியை எழுதின அயோக்கியன் யாரு? அது தெரியாம நான் எழுந்திரிக்க மாட்டேன் மேடம்!"

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இணையத்தில் உலவும் தகவல் எங்கே பிறந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. கத்துகிறவர்கள் அவளுக்குப் புதிதில்லை.

"முதல்ல உட்காருங்க. என்ன வரி?"

கைபேசியை நீட்டினான். காணாமல் போனவர்களைப் பற்றிய தளம். அவன் அண்ணன் பெயருக்கு நேரே, 'படகு விபத்துக்குப் பின் உயிருடன் காணப்பட்டார்' என்று இருந்தது.

"பச்சைப் பொய். நானும் நம்பி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சேன். அண்ணன் எங்கயும் இல்ல. ஆனா அண்ணி இன்னும் வாசலையே பார்த்துட்டு இருக்காங்க. 'இத்தனை தளத்துல போட்டிருக்கே, அத்தனையுமா பொய் சொல்லும்?'னு கேக்கறாங்க. அவங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியல என்னால."

"இத்தனை இல்ல, ஒண்ணுதான். ஒருத்தர் எழுதினதை இன்னொரு தளம் தானா எடுத்துக்கும். அதுகிட்டயிருந்து அடுத்தது. பார்க்கிறவங்களுக்கு ஊரே சாட்சி சொல்ற மாதிரி இருக்கும்."

"அந்த ஒருத்தனைப் பிடிச்சுக் குடுங்க. அவனுக்கெல்லாம் கூடப் பிறந்தவங்க இருக்க மாட்டாங்களா?"

ஒவ்வொரு தகவலோடும், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் ஒட்டிக்கொண்டே வரும். ஒன்றைப் பிடித்து அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று போனாள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு சின்னத் தளத்தில் போய் முட்டியது. எழுதியவர் பெயர் இல்லை. தொலைபேசி எண் மட்டும் இருந்தது.

"கொஞ்சம் இருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, வராந்தாவுக்குப் போய் அந்த எண்ணை அழைத்தாள். எடுத்தவரிடம் விவரத்தைச் சொன்னாள். பதில் சொன்னது ஒரு பெண்குரல்.

"நான்தாங்க எழுதினேன். அவரோட சம்சாரம்."

கேட்டவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களா? உங்க கொழுந்தன் எப்படி அலையறார்னு தெரியுமா?"

"அவன் அலையணும்னுதான் எழுதினேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அன்னைக்குப் படகுல போக வேண்டியவன் அவன். காய்ச்சல்னு படுத்துட்டான், இவர் போனார். இனிமே வரமாட்டார்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா அவன், 'நான்தான் கொன்னேன்'னு கதவைச் சாத்திட்டான். பச்சைத் தண்ணி குடிக்கல. எங்க இவனும் போயிடுவானோன்னு பயந்து எழுதினேன். அதைப் படிச்சுட்டுத்தான் எழுந்து ஓடினான். நான் நம்பற மாதிரி உட்கார்ந்திருந்தாத்தானே அவன் நம்புவான்?"

அவள் வராந்தாவிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இப்போ அவருக்குப் பொய்னு தெரிஞ்சுபோச்சும்மா. எழுதினவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்னு உள்ள உட்கார்ந்து கத்திட்டிருக்கார்."

"கத்தறானா? கோபம் வந்துடுச்சா அவனுக்கு?"

அதுவரை உறுதியாக இருந்த குரல் உடைந்தது.

"அப்போ பிழைச்சுட்டான். அந்த வரியை அழிச்சிடுங்கம்மா."